கம்பி அறும் ஓசை

சந்தையில் பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்த்தே வாங்குவார்கள். கணீரென்றால் நல்லது; சப்தம் மழுங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. கண்ணுக்கு அகப்படாத குறை காதுக்கு அகப்பட்டுவிடுகிறது. இன்று கான்கிரீட் பாலங்களிலும் இவ்வித்தையே கையாளப்படுகிறது. ஒரு பேதம் மட்டும் உண்டு. இங்கே பாலத்தை யாரும் தட்டுவதில்லை; அது தானாக எழுப்பும் ஒலிக்காக இரவும் பகலும் காத்திருக்கிறார்கள்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கட்டப்பட்ட பெரிய பாலங்கள் பலவற்றில், உருக்குக் கம்பிகளை வில்லின் நாணைப்போல இழுத்துக் கான்கிரீட்டினுள்ளே பிணைத்திருக்கிறார்கள். பாலத்தின் பலம் அவ்விறுக்கத்தில் இருக்கிறது. கம்பிக்குத் துருவேறினால் வெளியே யாதோர் அடையாளமும் தோன்றாமல் போகலாம். 1985 டிஸம்பரில் வேல்ஸ் நாட்டில் ஈனிஸ்-இ-குவாஸ் என்ற பாலம் முன்னறிவிப்பின்றி வீழ்ந்தது இதனாலேயே.

கம்பி அறும்பொழுது அதில் அடங்கிக் கிடந்த சக்தி திடீரென விடுபட்டு, கான்கிரீட்டில் அலையாய்ப் பரவுகிறது. அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 4,000 மீட்டர். பாலத்தில் ஆங்காங்கே ஒட்டிய கருவிகள் அவ்வதிர்ச்சியை மின்சாரக் குறியாக மாற்றுகின்றன. அலை ஒவ்வொரு கருவியையும் சேரும் கணம் வேறாதலால், அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு அறுந்த இடத்தைச் சொல்லிவிடலாம். லாரிகளின் உறுமல் வேறு ஜாதி ஒலி. அதைப் பிரித்துத் தள்ள வகையுண்டு.

லண்டனில் 1961-இல் திறக்கப்பட்ட ஹாமர்ஸ்மித் மேம்பாலத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் உறைபனி படியாதிருக்க அதன்மீது உப்புத் தூவினார்கள். உப்புநீர் உள்ளே கசிந்து கம்பிகளை அரித்தது. கேட்கும் கருவிகளைப் பொருத்தியபின், கம்பிகள் அறுபடுவது பதிவாகலாயிற்று. 2011 டிஸம்பரில் பாலத்தை மூடினார்கள். ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஏழு மாதமே இருந்தது. அதுவோ தலைநகருக்குள் நுழையும் ராஜபாட்டைகளில் ஒன்று. ஆயினும் துணிந்து மூடினார்கள். அத்துணிவுதான் மெச்சத்தக்கது. பலப்படுத்தி, பந்தயத்துக்கு முன்பே திறந்தும் விட்டார்கள்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக் காரோலா பாலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1971-இல் முடிந்த அப்பாலம் அருகருகே மூன்று பகுதிகளாக அமைந்தது. டிராம் ஓடிய பகுதி, 2024 செப்டம்பர் 11-ந் தேதி விடியுமுன், சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு இடிந்து எல்பே நதியில் வீழ்ந்தது. நடுநிசி கடந்த வேளையாதலால் உயிர்ச்சேதமில்லை. கட்டும் நாளிலேயே ஈரம் பட்ட கம்பிகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, அவை காலப்போக்கில் அறுந்து வந்தன என்று நிபுணர்கள் பின்னர் கண்டார்கள். அவ்வோசையைக் கேட்க அங்கே கருவி இல்லை. எஞ்சி நின்ற இரு பகுதிகளுக்கே, அதுவும் விபத்துக்குப் பிறகே, கருவி வந்தது!

இம்முறைக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. கருவி வைத்த நாள் முதல் அறும் கம்பியையே அது கேட்கும். முன்னே அறுந்தவை எத்தனையென்று சொல்லாது. ஆகையால் பாலம் திடமாயிருக்கும்போதே வைப்பதுதான் விவேகம். திடமாயிருக்கும் பாலத்துக்குச் செலவு எதற்கு என்று பொக்கிஷ அதிகாரிகள் கேட்பார்கள். டிரெஸ்டனில் மற்ற இரு பகுதிகளும் அப்போது செப்பனிடப்பட்டிருந்தன. வீழ்ந்த பகுதியின் முறை 2025-இல் வருவதாக இருந்தது.