இளம் ஆட்டக்காரரும் நெடுங்கால ஒப்பந்தமும்

2008-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த தம்பா பே ரேஸ் என்னும் பேஸ்பால் குழுவில் ஈவான் லொங்கோரியா என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் சேர்ந்தார். மேஜர் லீக் எனப்படும் உயர்நிலைப் பந்தயங்களில் அவர் ஆடத் தொடங்கி ஆறே நாட்கள்தாம் ஆகியிருந்தன. அதற்குள் குழுவினர் அவருடன் ஓர் ஒப்பந்தத்தை முடித்து விட்டனர். ஆறு ஆண்டுகளுக்கு 1 கோடியே 75 இலட்சம் டாலர். அதன் பின்னர், குழு விரும்பினால், முன்பே குறித்த சம்பளத்தில் மேலும் மூன்று ஆண்டுகள் அவரை வைத்துக் கொள்ளலாம்.

ஆறு நாள் ஆட்டத்தைப் பார்த்து ஒன்பது ஆண்டுகளுக்கு விலை பேசுவதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் இன்று அமெரிக்கக் குழுக்கள் பலவும் இதையே செய்கின்றன. இவ்வழக்கம் அறிவுடையதா, இதனால் ஆதாயம் யாருக்கு என்பதைச் சற்று ஆராய்வோம்.

பேஸ்பால் நம் நாட்டில் பெரிதும் ஆடப்படுவதன்று. எனினும் பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்கு அதன் சாயல் தெரியும். ஒருவர் பந்தை வீச, மற்றவர் மட்டையால் அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடுவார். மேஜர் லீக்கில் 30 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது சம்பளக் கணக்கு.

ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம், ஒரு குழுவில் கையெழுத்திட்ட ஆட்டக்காரர் அக்குழுவுக்கே உரியவராக இருந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் வேறு குழுவுக்குப் போக முடியாது. குழுவோ அவரை விற்கலாம், மாற்றிக் கொள்ளலாம். 1969-இல் செயின்ட் லூயிஸ் குழு கர்ட் பிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றிற்று. அவர் போக மறுத்தார். தாம் விலைக்கு வாங்கி விற்கும் பொருளல்லர் என்று வழக்காடினார். 1972-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் தோற்றாலும் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர், மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரு பந்து வீச்சாளர்களின் முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பழைய தளை அறுந்தது. மறு ஆண்டு முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி ஓர் எல்லை வகுத்தனர்: ஆறு ஆண்டு ஆடி முடித்தவர் தாம் விரும்பிய குழுவில் சேரலாம்.

அந்த ஆறு ஆண்டு என்னும் எல்லைதான் இன்றைய நெடுங்கால ஒப்பந்தங்களுக்கெல்லாம் வேர். புதிதாக வருபவர் முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தையே பெறுகிறார். 2025-இல் அது 7 இலட்சத்து 60 ஆயிரம் டாலராக இருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில், குழுவுக்கும் அவருக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால், நடுவர் சம்பளத்தை முடிவு செய்வார். தொகை படிப்படியாக உயரும். ஆறு ஆண்டுகள் முடிந்த பிறகே சந்தைக் கதவு திறக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 172 நாட்கள் குழுவின் பட்டியலில் இருந்தால்தான் ஓராண்டு என்று கணக்கு. 2015-இல் சிக்காகோ கப்ஸ் குழு கிரிஸ் பிரையண்ட் என்ற இளைஞரைப் பருவம் தொடங்கிச் சில நாட்கள் கழித்தே அழைத்தது. பருவ முடிவில் அவர் கணக்கில் இருந்தவை 171 நாட்கள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப் போயிற்று. அவர் முறையிட்டார், 2020-இல் அம்முறையீடு தள்ளப்பட்டது. வருகைப் பதிவேட்டை நாள்தோறும் கூட்டிப் பார்க்கும் எனக்கு, ஒரு நாளின் விலை இவ்வளவு உயர்ந்ததை வேறெங்கும் கண்டதாக நினைவில்லை.

சரி; ஆறு ஆண்டுகளுக்கு ஆட்டக்காரர் எப்படியும் குழுவின் கைக்குள்தானே இருக்கிறார்? பின் ஏன் முந்திக் கொண்டு ஒப்பந்தம்? குழு உண்மையில் விலைக்கு வாங்குவது முதல் ஆறு ஆண்டுகளையன்று. ஏழாம், எட்டாம், ஒன்பதாம் ஆண்டுகளை. இருபத்திரண்டில் வந்தவருக்கு அப்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது வயது. மட்டை பிடிப்பவரின் ஆற்றல் இருபத்தேழு வயதையொட்டி உச்சத்தை அடைந்து, முப்பதுக்குப் பின் சரியத் தொடங்குவதே பொது வழக்கம். ஆகவே, சரிவதற்கு முந்திய நல்ல ஆண்டுகளைச் சந்தை விலைக்கும் குறைவாகப் பெற்று விடலாம். சந்தைக்கு வரும்வரை காத்திருந்து வாங்குபவரோ தேய்கின்ற ஆண்டுகளுக்கே முழு விலை கொடுக்க நேரும். மேலே சொன்ன பிரையண்டே அதற்குச் சான்று. 2022-இல், முப்பதாம் வயதில், கொலராடோ ராக்கீஸ் குழு அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 18 கோடியே 20 இலட்சம் டாலர் கொடுத்தது. காயங்கள் அவரை விடவில்லை. முதல் நான்கு பருவங்களிலும் சேர்த்து அவர் ஆடியவை 170 ஆட்டங்களே.

இவ்வழியை முதன்முதல் ஒரு கொள்கையாகவே கைக்கொண்டவர், கிளீவ்லாந்து குழுவின் நிர்வாகியாக இருந்த ஜான் ஹார்ட். 1992 முதற்கொண்டு அவர் சாண்டி அலோமார், கார்லோஸ் பயேர்கா முதலிய இளைஞர்களை முன்கூட்டியே நெடுங்கால ஒப்பந்தங்களில் சேர்த்தார். பல்லாண்டுகள் தோல்வியிலேயே கிடந்த அக்குழு 1995-இல், நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்கு வந்தது, 1997-இலும் வந்தது. தம்பா பே கதையும் அதுவே. 1998-இல் தொடங்கிய அக்குழு பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூட வெற்றிகள் தோல்விகளை விஞ்சப் பருவத்தை முடித்ததில்லை. லொங்கோரியா கையெழுத்திட்ட அதே 2008-இல் உலகத் தொடருக்கு வந்து விட்டது. பணம் படைத்த நியூயார்க் குழுக்களோடு சந்தையில் போட்டியிட முடியாத சிறு நகரக் குழுவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றே கூறலாம்.

ஆனால் குறி தவறுவதும் உண்டு. 2018-இல் பிலடெல்பியா குழு, மேஜர் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாத ஸ்காட் கிங்கரிக்கு ஆறு ஆண்டுகளுக்கு 2 கோடியே 40 இலட்சம் டாலர் உறுதி செய்தது, அவர் நிலைக்கவில்லை. சிக்காகோ வைட் சாக்ஸ் குழு 2019-இலும் 2020-இலும் ஹிமேனெஸ், ராபர்ட், மொன்காடா ஆகிய மூவருக்கு மொத்தம் 16 கோடியே 30 இலட்சம் டாலருக்கு ஒப்பந்தம் எழுதிற்று. 2021-இல் தன் பிரிவில் முதலிடம் பெற்ற அக்குழு, 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்றது. பந்து வீச்சாளர்களிடத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முழங்கை நரம்பு எப்போது அறும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2023-இல் 20 வெற்றிகள் பெற்ற ஸ்பென்சர் ஸ்டிரைடர், ஆறு ஆண்டு ஒப்பந்தம் செய்த இரண்டாம் ஆண்டிலேயே, 2024 ஏப்ரலில், முழங்கையில் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார்.

இத்தனை தவறினாலும் குழு ஏன் கெடுவதில்லை? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழு ஐந்து இளைஞரோடு ஆளுக்கு 4 கோடி டாலர் வீதம் ஒப்பந்தம் செய்வதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 20 கோடி. இருவர் தேறவில்லை, 8 கோடி நட்டம். இருவர் வாங்கிய பணத்துக்குச் சரியாக ஆடுகின்றனர். எஞ்சிய ஒருவர் பெரும் நட்சத்திரமாகி விடுகிறார். அவர் ஆட்டத்தைச் சந்தையில் வாங்கினால் 20 கோடி ஆகும். ஆகவே 16 கோடி மிச்சம். நட்டத்தைக் கழித்தாலும் குழுவுக்கு 8 கோடி ஆதாயம்.

குழுவுக்கு ஐவர் இருக்கின்றனர். அந்த ஐவரில் ஒவ்வொருவருக்கும் இருப்பதோ ஓர் உடல், ஒரு முழங்கால், ஒரு தோள். குழுவுக்கு ஐந்தில் இரண்டு தவறுவது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. தவறிப் போகும் இளைஞருக்கு அதுவே வாழ்க்கை. இருவர் எதிர்நோக்கும் ஆபத்தும் ஒன்றே என்றாலும், அது ஒருவர் தோளில் பஞ்சாகவும் மற்றவர் தோளில் பாறையாகவும் இருக்கிறது. அப்பாறையை இறக்கி வைக்கத்தான் இளைஞர் தம் விலையைக் குறைத்துக் கொள்கிறார். இதைப் புரிந்து கொள்ளாதவர்களே, குறைந்த தொகைக்குக் கையெழுத்திட்டவனை ஏமாளி என்று சிரிப்பார்கள்.

ஜான் சிங்கிள்டன் என்பவரை அப்படித்தான் சொன்னார்கள். 2014 ஜூன் மாதம், மேஜர் லீக்கில் காலடி வைப்பதற்கு முந்திய நாளே, ஹியூஸ்டன் குழுவோடு ஐந்து ஆண்டுகளுக்கு 1 கோடி டாலருக்கு அவர் ஒப்பந்தம் செய்தார். தன்னை மலிவாக விற்று விட்டார் என்று சக ஆட்டக்காரர் சிலரே வெளிப்படையாகக் குறை கூறினர். அவர் மட்டையோ எடுபடவில்லை. அடுத்த ஆண்டுக்குப் பின் 2023 வரையில் மேஜர் லீக் பக்கமே அவர் வர இயலவில்லை. ஆனால் அந்த 1 கோடி அவருடையது. பேஸ்பால் ஒப்பந்தத்தில் உறுதி செய்த பணம், ஆடினாலும் ஆடாவிட்டாலும், கைக்கு வரும்.

நான் பல ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கண்டு வருபவன். இவன் எங்கேயோ போகப் போகிறான் என்று நான் உள்ளத்தில் குறித்து வைத்த பிள்ளைகளில் சிலர் அப்படியே போனார்கள், சிலர் போகவில்லை. கடைசி வரிசையில் இருந்தவன் மருத்துவனாகி வந்து என் இரத்த அழுத்தத்தை அளந்ததும் உண்டு. ஆகவே இருபது வயதைப் பார்த்து முப்பதைச் சொல்லும் வித்தையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஹுவான் சோட்டோ இதற்கு நேர் எதிர்ப்புறம் நிற்பவர். 2022-இல் வாஷிங்டன் குழு பதினைந்து ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் மறுத்து விட்டார். குழு அவரை வேறிடத்துக்கு மாற்றி விட்டது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் குழு அவருக்கு அதே பதினைந்து ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 இலட்சம் கொடுத்தது. அவர் துணிவைப் பாராட்டலாம். ஆனால் அதற்குள் பல கோடிகள் சம்பாதித்திருந்தவர் காட்டிய துணிவு அது. கையில் ஒன்றுமில்லாதவனிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று.

அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவின் கதை நம் சிந்தனையைக் கிளறுவது இங்கேதான். 2019 ஏப்ரலில் அக்குழு இருவரைக் கட்டிற்று. வெனிசுவேலாவைச் சேர்ந்த ரொனால்ட் அக்குன்யா, வயது இருபத்தொன்று. எட்டு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர். குராசோ தீவைச் சேர்ந்த ஓஸி ஆல்பீஸ், வயது இருபத்திரண்டு. ஏழு ஆண்டுகளுக்கு 3 கோடியே 50 இலட்சம். குழு விரும்பினால் ஆண்டுக்கு 70 இலட்சம் வீதம் இன்னும் இரண்டு ஆண்டுகள். 2021-இல் அட்லாண்டா உலகத் தொடரையே வென்றது. 2023-இல் அக்குன்யா 41 ஹோம் ரன்கள் அடித்து, 73 தளங்களைத் திருடித் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை ஒருமனதாகப் பெற்றார். அவ்வாண்டு அவர் சம்பளம் 1 கோடியே 70 இலட்சம். அதே ஆண்டில் மிக உயர்ந்த சம்பளமான 4 கோடியே 33 இலட்சத்தை வாங்கியவர்களோ, நாற்பதை ஒட்டிய வயதுள்ள இரு பந்து வீச்சாளர்கள்!

அக்குன்யா ஒப்பந்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2021-இல் வலது முழங்காலிலும் 2024-இல் இடது முழங்காலிலும் அவருக்குத் தசைநார் அறுந்தது. அவ்வேளைகளில் அந்த 10 கோடி என்ன ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆல்பீஸ் ஒப்பந்தமே உறுத்துகிறது. கையெழுத்திட்ட 2019-இலேயே அவர் தம் லீக்கில் மிக அதிகமான ‘ஹிட்’களை அடித்தவர். 2021-இல் 30 ஹோம் ரன்கள் அடித்தவர். அவர் ஆபத்தை இறக்கி வைத்தார், சரி. அதற்கு அவர் கொடுத்த கூலி மிகப் பெரிது. முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளம், ஆறு ஆண்டுகள் வெளியேற வழியில்லை என்று இளைஞரின் கையைக் கட்டி வைத்திருக்கும் விதிதான் அந்த விலையைக் கீழே இழுக்கிறது. குழு அந்த விதியைப் படைக்கவில்லை என்று சிலர் வாதிக்கலாம். முதலாளிகள் அனைவரும் கூடிப் படைத்ததுதானே அது?

ஆதலால், குழு இளம் நட்சத்திரங்களை நெடுங்காலத்துக்கு ஒப்பந்தம் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம். சிறு நகரக் குழுவானால் செய்யவே வேண்டும் என்பேன். அது மட்டை பிடிப்பவராக இருக்கட்டும். முப்பதைத் தாண்டி வெகுதூரம் ஓடாத ஒப்பந்தமாக இருக்கட்டும். தவறினால் சமாளிக்கக் கூடிய தொகையாகவும் இருக்கட்டும். ஆனால் இளைஞரின் வறுமையை விலைச் சீட்டாகக் கொள்ள வேண்டாம். 2022-இல் கையெழுத்தான பொது உடன்படிக்கை இதற்கு ஒரு சிறு வழி கண்டது: நடுவர் கட்டத்தை எட்டாத சிறந்த இளைஞர்களுக்குப் பகிர்ந்தளிக்க ஆண்டுதோறும் 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். முப்பது குழுக்களுக்கும் சேர்த்து அது சிறு தொகைதான். எனினும் காத்திருக்க முடியாதவனுக்குச் சற்று மூச்சு விட இடம் தருகிறது.

கேன்சஸ் சிட்டி என்னும் சிறு நகரக் குழு 2023-இல் 106 ஆட்டங்களில் தோற்றது. 2024 பிப்ரவரியில் அது பாபி விட் என்ற இருபத்து மூன்று வயது இளைஞருக்குப் பதினோர் ஆண்டுகளுக்கு 28 கோடியே 87 இலட்சம் டாலர் கொடுத்தது. அவ்வாண்டே அவர் தம் லீக்கில் மட்டைச் சராசரியில் முதல்வரானார். குழுவும் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஏழு பருவங்கள் முடிந்த பின், 2030 கடைசியில், விரும்பினால் அவர் விலகிச் சந்தைக்குப் போகலாம். அப்போது அவருக்கு வயது முப்பது.