உழவு வயலில் ஒரு கூடை முட்டை

ஒரு கூடை நிறைய முட்டை. புதிதாக உழுது போட்ட வயல். கூடையைக் காரில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். ஒரு முட்டைகூட உடையக் கூடாது. 1930களில் பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனத்தை நடத்திய பியர்-ஜூல் பூலான்ஜே தம் பொறியாளர்களுக்கு வைத்த பரீட்சை இது.

பரீட்சை அதோடு முடியவில்லை. மரச்செருப்பு அணிந்த இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் அதில் ஏற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. லிட்டருக்கு 33 கிலோமீட்டர்! இன்றைய சிறிய கார்களே எட்டத் திணறும் கணக்கு. இத்தனைக்கும் விலை மிகக் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் கார்தான் பின்னாளில் ‘2சிவி’ என்று உலகம் சுற்றியது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘தெ ஷெவோ’ என்பார்கள். இரண்டு குதிரை என்று பொருள். சாலை வரிக்காகக் காரின் வலிமையைக் குதிரைக் கணக்கில் வகைப்படுத்தும் வழக்கம் அங்கே இருந்தது. இந்தக் கார் இரண்டு குதிரை வகுப்பில் அடங்கியது.

சிட்ரோயன் 1934இல் கடனில் மூழ்கித் திவாலானது. டயர் செய்யும் மிஷ்லின் குடும்பம் அதைக் கையில் எடுத்து, பூலான்ஜேயை அனுப்பியது. அன்றைய பிரெஞ்சு கிராமங்களில் சந்தைக்குப் போகக் குதிரை வண்டிதான் துணை. அந்த வண்டிக்காரரைக் காரில் ஏற்ற வேண்டும் என்பதே பூலான்ஜேயின் எண்ணம். விமானத் துறையில் தொழில் பழகிய ஆந்த்ரே லெஃபேவ்ர் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார். உடல்கூட்டுக்கு உருவம் கொடுத்த ஃபிளாமினியோ பெர்டோனி ஓர் இத்தாலியச் சிற்பி.

முதல் எதிரி எடை. எடை கூடினால் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம். ஆகவே தகட்டை மெல்லியதாக்கினார்கள். மெல்லிய தகடு நடுங்குமே? நம் ஊர்த் தகரக் கூரையைப் பாருங்கள். தட்டையான தகரத்தை இரண்டு விரலால் வளைத்துவிடலாம்; அதையே அலை அலையாக மடித்துவிட்டால் ஆள் ஏறி நிற்கலாம். தெ ஷெவோவின் எஞ்சின் மூடியிலும் அதே அலை மடிப்புதான். கூரைக்குத் தகடே இல்லை, சுருட்டி வைக்கக்கூடிய கித்தான் துணி. எடையும் குறைந்தது, துணியைச் சுருட்டினால் உயரமான சாமானையும் நிறுத்தி ஏற்றலாம். இருக்கை நம் கயிற்றுக் கட்டிலுக்கு உறவு: இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் ரப்பர் பட்டைகளால் இழுத்துக் கட்டிய துணி. கழற்றி வெளியே போட்டால் மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். உயரமான மனிதரான பூலான்ஜே தொப்பியோடு காரில் ஏறி உட்காருவாராம். தொப்பி தட்டினால் கூரையைத் திருத்த வேண்டியதுதான். இப்படிச் சேர்த்த சிக்கனத்தால் 1949இல் வெளிவந்த காரின் எடை சுமார் 500 கிலோ. நமக்குப் பழக்கமான மாருதி 800ஐவிடக் கிட்டத்தட்ட 150 கிலோ குறைவு.

இடையில் ஒரு பத்தாண்டு காணாமல் போனது. 1939 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் அறிமுகம் செய்யச் சுமார் 250 முன்மாதிரிக் கார்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒற்றை முகப்பு விளக்குதான். சட்டம் இரண்டு கேட்காதபோது இரண்டாவது எதற்கு? செப்டம்பரில் போர் மூண்டது. கண்காட்சி நின்றது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாதென்று பெரும்பாலான கார்களை நிறுவனமே அழித்தது. சிலவற்றை மட்டும் ஒளித்துவைத்தது. 1994இல், லா ஃபெர்த்தே-விதாம் என்ற ஊரிலிருந்த நிறுவனத்தின் சோதனைத் திடலில், ஒரு களஞ்சியத்தின் பரண்மேல் மூன்று முன்மாதிரிகள் தூசி படிந்து கிடைத்தன.

போர்க்காலம் பொறியாளர்களுக்கு யோசிக்க நேரம் தந்தது. முன்மாதிரிகளின் எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. பொறியாளர் வால்ட்டர் பெக்கியா அதை ஒதுக்கிவிட்டுக் காற்றால் குளிரும் புதிய எஞ்சினை வரைந்தார். கொள்ளளவு 375 சிசி. ஏறக்குறைய ஒரு புல்லட் பைக்கின் அளவு! 9 குதிரைத்திறன். அதைக் கொண்டு நான்கு பேரை இழுக்க வேண்டும்.

இந்த எஞ்சினில் இருப்பதைவிட இல்லாததைப் பார்த்தால்தான் வியப்பு. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்பு இல்லை, ரப்பர்க் குழாய் இல்லை. பனிக்காலத்தில் உறையவும் கோடையில் கொதிக்கவும் உள்ளே தண்ணீரே கிடையாது. சுழல் தண்டின் நுனியிலேயே விசிறியைப் பொருத்திவிட்டார்கள். ஆகவே அறுந்துபோகும் விசிறி பெல்ட்டும் இல்லை. எஞ்சின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே, குக்கர் மூடியின் ரப்பர் வளையம்போல, கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு இருப்பது வழக்கம். இங்கே இரண்டு உலோக முகங்களையும் அத்தனை துல்லியமாகக் கடைந்ததால் அதுவும் தேவைப்படவில்லை.

தீப்பொறியைச் சிலிண்டர்களுக்கு முறைவைத்துப் பங்கிடும் கருவிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர். அதையும் நீக்கினார்கள். எப்படி? எதிரெதிரே படுத்திருக்கும் இரண்டு சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் ஒரே கணத்தில் உச்சிக்கு வருகின்றன. ஒன்று எரிய வேண்டிய தருணத்தில் இருக்கும். மற்றொன்று புகையை வெளியேற்றி முடித்திருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி விழுகிறது. ஒன்று வேலை செய்கிறது, மற்றது யாருக்கும் தொல்லையில்லாமல் வீணாகிறது. ஒரு பொறியை வீணாக்கி ஒரு கருவியையே மிச்சம் பிடித்துவிட்டார்கள்! சுழல் தண்டிலும் போல்ட்டு இல்லை. அதன் பாகங்களைத் திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில், குளிரவைத்தார்கள். குளிர்ந்த உலோகம் சுருங்கித் துளைக்குள் நுழையும். சூடு திரும்பியதும் விரிந்து இறுகிவிடும். காரில் இல்லாத பாகம் பழுதாவதில்லை என்பதே பெக்கியாவின் எஞ்சின் சொல்லும் பாடம்.

முட்டைக் கூடைக்கு வருவோம். அதைக் காப்பாற்றியது சஸ்பென்ஷன் எனப்படும் அதிர்வுத் தாங்கி. பல கார்களில் ஒவ்வொரு சக்கரமும் தன் பள்ளத்தைத் தானே சமாளிக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் காரின் மூக்கு தூக்கும். பின்சக்கரம் ஏறும்போது வால் தூக்கும். உள்ளே இருப்பவர் தலையாட்டிப் பொம்மைதான். தெ ஷெவோவில் முன்சக்கரமும் அதே பக்கத்துப் பின்சக்கரமும் கூட்டாளிகள். தரைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக ஓர் உருளை படுத்திருக்கிறது. அதனுள் சுருள்வில்கள். ஒரு முனையிலிருந்து முன்சக்கரத்தின் கைக்கும் மறுமுனையிலிருந்து பின்சக்கரத்தின் கைக்கும் கம்பிகள் போகின்றன. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அதன் கம்பி வில்லை இழுக்கிறது. உருளை இறுக்கமாகப் பூட்டப்படாததால் அதுவும் சற்று முன்னால் நகர்கிறது. அந்த நகர்வு பின்கம்பியை இழுத்து, பின்சக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்துகிறது. மூக்கு தூக்கும்போதே வாலும் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. கார் சாயாமல் மட்டமாகவே மிதந்து போகிறது. முட்டை அசையாமல் கிடக்கிறது.

சக்கரங்களோடு இன்னொரு தந்திரமும் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தகர டப்பா. அதற்குள் ஒரு வில்லின்மேல் உட்கார்ந்த இரும்புக் கட்டி. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்வதுபோல, சக்கரம் எகிறும்போது கட்டி பின்தங்குகிறது. சக்கரம் இறங்கும்போது இது ஏறுகிறது. இப்படி எதிர்த்தாளம் போட்டே சக்கரத்தின் துள்ளலை அடக்கிவிடுகிறது.

சின்னச் சின்ன இடங்களிலும் அதே புத்தி. மழை துடைப்பானுக்குத் தனி மோட்டார் வைக்கவில்லை. வேகமானியைச் சுழற்றும் கம்பியே அதையும் ஆட்டியது. கார் வேகமாகப் போனால் துடைப்பான் வேகமாக ஆடும். நின்றால் கையால் திருகிக்கொள்ளலாம். பெட்ரோல் அளவுக்கு முள் இல்லை, தொட்டியில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் ஒன்றே ஒன்று: சாம்பல்.

1948 அக்டோபர் 7 அன்று பாரிஸ் கண்காட்சியில் திரை விலகியது. பத்திரிகைகள் தகர டப்பா என்று கேலி செய்தன. மக்கள் வரிசையில் நின்றார்கள். 1949இல் வெளிவந்தவை 876 கார்கள் மட்டும். காத்திருப்போர் பட்டியலோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிராமத்து மருத்துவருக்கும் பாதிரியாருக்கும் விவசாயிக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். கைக்கு உடனே கிடைக்கும் என்பதால் பழைய கார் புதியதைவிட அதிக விலைக்குப் போன காலமும் உண்டு.

எளிய கார் என்பதால் எதற்கும் வளைந்து கொடுத்தது. பாலைவனச் சாலைகளுக்காக ‘சஹாரா’ என்ற வகை வந்தது. நான்கு சக்கரத்தையும் ஓட்டச் சிக்கலான பல்சக்கரங்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக, பின்னாலும் ஓர் எஞ்சினை வைத்துவிட்டார்கள்! இரண்டு எஞ்சின், இரண்டு பெட்ரோல் தொட்டி, ஆனால் ஒரே கியர்க் கோல். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும். சுமார் 700 மட்டுமே செய்யப்பட்ட அவை இன்று சேகரிப்பாளர்களின் கனவு.

எஞ்சின் 425 சிசி, பிறகு 602 சிசி என வளர்ந்தது. தொடக்கத்தில் மணிக்கு 65 கிலோமீட்டரில் திணறிய கார் நூறைத் தாண்டியது. பெல்ஜியம், இங்கிலாந்து, அர்ஜென்டினா, சிலி நாடுகளிலும் அதைச் செய்தார்கள். பாரிஸை ஒட்டிய லெவலுவா தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. கடைசிக் கார் 1990 ஜூலை 27 அன்று போர்ச்சுகலின் மங்குவால்டேயில் வெளிவந்தது. 41 ஆண்டுகளில் 38 லட்சத்துக்கும் மேல். வேன் முதலிய உறவுக் கார்களையும் சேர்த்தால் 50 லட்சத்தைத் தாண்டும். அந்தக் கடைசிக் காரிலும் தண்ணீர் இல்லாத இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்தான். முன்சக்கரமும் பின்சக்கரமும் அப்போதும் கூட்டாளிகள்தான். அதன் நிறமும் சாம்பல்.