கோட்டுக்குக் கூலி

அறுகம்பேக் கரையில் விடுதியொன்று எழுந்து நிற்கின்றது. அதற்குப் படம் வரைந்தவர் என் பழைய மாணாக்கர், கல்முனைக்காரர். முன்பணம் பெற்றார், எஞ்சியதை இன்னும் பெற்றாரில்லை. "கடுதாசியில் நாலு கோடு, அதற்கு இவ்வளவு காசா?" என்றாராம் உரிமையாளர். ஒப்பந்தம் எங்கே என்றேன். "தெரிஞ்ச மனுசன்தானே, சேர்" என்றார்.

புலவர்க்கு இது புதிய துயரன்று. பரிசில் கடாநிலை என்று துறையே வகுத்தது தமிழ். அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில் காவலனை விளித்துப் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. மழுவேந்திய தச்சச் சிறுவர்க்குக் காடு எத்தகையதோ, அத்தகையதே தமக்கு உலகு என்று சொல்லித் தம் கலங்களைச் சுருக்கிக் கட்டினார். தச்சரை உவமை கூறியது எத்துணைப் பொருத்தம்!

ஒப்பந்தமுடையார்க்கும் இடருண்டு. டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்று சிட்னி இசைநாடக அரங்கை வடிவமைத்தார். 1965இல் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் அவர்க்குரிய கொடுப்பனவுகளை நிறுத்திவைத்தார். மேடைப் பொறியமைப்புக்கான ஊதியமும் வரவில்லை. 1966 பெப்ருவரியில் உட்சன் பணி துறந்தார். அரங்கு 1973இல் திறக்கப்பட்டது. நிறைவுற்ற அதனை நேரிற் காணாமலே 2008இல் மறைந்தார்.

உட்சனுக்கு உலகப் புகழ் எஞ்சியது. என் மாணாக்கர்க்கு எஞ்சியவை கைபேசிச் செய்திகளே. அவற்றை அழித்துவிடாதீர் என்றேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் செய்திகளால் ஆகும் ஒப்பந்தத்தையும் ஏற்கின்றது. எழுத்து ஒப்பந்தத்திற்கு வழக்கிட ஆறாண்டு தவணையுண்டு. எழுத்திலில்லாததற்கு அதனினும் குறைவு. நாளையே சட்டத்தரணியிடம் செல்கின்றாராம்.