ஒரே பேர்... ரெண்டு வேர்!

ஒரே தெருவில் இரண்டு ராமசாமிகள் இருந்தால் என்ன ஆகும்? தபால் மாறும். மிஞ்சிப்போனால், கல்யாணப் பத்திரிகை போக வேண்டிய வீட்டுக்குக் கடன் நோட்டீஸ் போகும். மூலிகையில் பேர் மாறினால்? சிறுநீரகமே போகும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் நடந்தது.

சீன வைத்தியத்தில் 'ஃபாங் ஜி' என்று ஒரு வேர். உடம்பில் நீர் கோத்து வீங்கினால், மூட்டு வலித்தால் கொடுப்பார்கள். இந்த ஃபாங் ஜிக்கு இரண்டு இனிஷியல். 'ஹான் ஃபாங் ஜி' என்பது ஸ்டெஃபானியா கொடியின் வேர். 'குவாங் ஃபாங் ஜி' என்பது அரிஸ்டோலோக்கியா என்ற வேறு கொடியின் வேர். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

1990-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைக்க வைக்கும் ஒரு கிளினிக் தன் மருந்தில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. சீட்டில் எழுதியது ஸ்டெஃபானியா. பொடியில் வந்ததோ அரிஸ்டோலோக்கியா! சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வேக வேகமாகப் பழுதானது. 1993-ல் டாக்டர்கள் விஷயத்தை உடைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கு மேல். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம்.

அதோடு விட்டதா? பழுதான சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றச் சம்மதித்த 39 பேரில், 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. 2000-ல் வெளியான கணக்கு இது.

வில்லனின் பெயர் அரிஸ்டோலோக்கிக் அமிலம். உடம்பின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆசாமி. பொடியை நிறுத்தினாலும் சேதம் நிற்காது. 2004-ல் சீனாவே குவாங் ஃபாங் ஜியை மருந்துப் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டது.

"சீனாக்காரன் சமாசாரம், நமக்கென்ன?" என்கிறீர்களா? நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான்! கண்டதையும் மேயும் ஆடுகூடத் தொடாது என்று பேரிலேயே போர்டு மாட்டிவிட்டார்கள் முன்னோர்கள். இந்த இலையைத் தின்று வளரும் ரோஜா அழகி பட்டாம்பூச்சியைப் பறவைகள் சீண்டுவதில்லை. அத்தனை விஷம்!

எங்கள் மாடி போர்ஷன் மாமி போன மாதம் ஒரு பச்சைப் பொடியோடு வந்தார். "மூலிகைடா, சைடு எஃபெக்டே கிடையாது. மூணு மாசத்துல பத்து கிலோ குறையுமாம்!"

"உள்ளே என்ன வேர்னு கேட்டேளா மாமி?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியமாம்..."

"ரகசியத்தை முழுங்கலாமா?" என்றேன். பொடி இப்போது பரணில் இருக்கிறது.

மூலிகையே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மலேரியாவை விரட்டும் ஆர்ட்டிமிசினின்கூட சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். கண்டுபிடித்த து யூயூ அம்மாளுக்கு 2015-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால், எந்தச் செடி, எந்த பாகம், எத்தனை நாள், இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத பொடி வேண்டாம். தாவரவியல் பெயரையே கேளுங்கள். பட்டம் பெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். உங்கள் டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

ஏற்கெனவே மாசக்கணக்கில் சாப்பிட்டவர்களா? கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். பல்வலி மாதிரி கத்திக் கூப்பாடு போடுகிற உறுப்பில்லை சிறுநீரகம். பாதிக்கு மேல் போன பிறகும் வாயே திறக்காது!