சின்னப் பெட்டியா? நெட்டைப் பெட்டியா?
கடைக்குப் போகுமுன் அறையை அளந்து பாருங்கள்!

காரைக்குடி:
"அப்பச்சி, நெட்டை ஸ்பீக்கர்தான் வேணும். பேஸ் நெஞ்சுல இடிக்குது!" என்பான் மகன்.

"பக்கத்து அறையிலே ஐயா தூங்க வேணாமாடா?" என்பார் தகப்பனார்.

வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு வருகிற வழக்கு இது. ஒன்று, ஸ்டாண்டில் வைக்கிற 1 அடிச் சின்னப் பெட்டி. மற்றொன்று, தரையில் நிற்கிற 3 அடி, 4 அடி நெட்டைப் பெட்டி. எதை வாங்குவது?

தீர்ப்புச் சொல்ல வேண்டியது கடைக்காரர் அல்ல. உங்கள் அறை!

வேனுக்குள் பிறந்தது

இந்தச் சின்னப் பெட்டியில் பேர் போனது 'எல்.எஸ். 3/5ஏ'. 1970-களில் லண்டன் பி.பி.சி. வானொலிக்காரர்கள் உருவாக்கியது. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். வெளியிடத்து ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. அதற்காகவே பிறந்தது. சின்ன இடத்துக்குச் சின்னப் பெட்டி!

56 அதிர்வு

செட்டிநாட்டு வீடு வெளியே பார்த்தால் அரண்மனை. ஆனால் வளவைச் சுற்றி இருக்கும் பங்காளிகளின் அறைகள் சிறியவை. 10-க்கு 10 அடி அறை என்று வைத்துக் கொள்வோம். அந்த அளவுக்கு வினாடிக்கு 56 அதிர்வு உள்ள ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கிவிடும். நீளமும் அகலமும் ஒன்றானால் தொல்லை இரட்டிப்பு.

நெட்டைப் பெட்டி பொதுவாக 40 அதிர்வு வரை இறங்கும். அதை மூலையில் வைத்தால் அறை முழுக்க 'கும்'மென்று ஒரே இரைச்சல். பாட்டின் சொல் புரியாது. காசு கொடுத்து வாங்கிய பேஸே எதிரி!

சின்னப் பெட்டி 70 அதிர்வுக்குக் கீழே அடங்கிவிடும். அந்தத் தொல்லையை அதிகம் கிளறாது. குரலும் வீணையும் கேட்க அதுவே தாராளம். வீணை சாம்பசிவ ஐயர் பெயரோடு சேர்ந்து நிற்கிற ஊருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சினிமாப் பாட்டில் பேஸ் கிடார் 41 அதிர்வு வரை இறங்கும். அது முழுசாக வேண்டுமென்றால் சின்னப் பெட்டி போதாது.

வளவில் வைத்தால்?

அங்கே கதை வேறு. மேலே வானம் திறந்த முற்றம். பேஸ் தங்காமல் வெளியே போய்விடும். நான்கு பத்தியிலும் ஆள் உட்கார்ந்து கேட்டால் சின்னப் பெட்டி திணறும். நெட்டைப் பெட்டிக்கு அதுதான் இடம்.

இன்னொரு கணக்கு: பல சின்னப் பெட்டிகள் அதே வாட்டில் சத்தம் குறைவாகத் தரும். 6 டெசிபல் குறைந்தால், அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயரில் 4 மடங்கு வாட் வேண்டும்!

இடம் மிச்சமா?

"சின்னப் பெட்டி வாங்கினால் இடம் மிச்சம்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காது உயரத்துக்குக் கொண்டு வர ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு அடைக்கிற இடமும் நெட்டைப் பெட்டி அடைக்கிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஸ்டாண்டு விலையையும் சேர்த்துத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் அலமாரிக்குள் திணித்தால் சின்னப் பெட்டியும் கும்மென்று ஒலிக்கும்.

கை தட்டுங்கள்!

அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். 'டிங்'கென்று எதிரொலித்தால் எந்தப் பெட்டி வாங்கினாலும் பயனில்லை. ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் முட்டை வெள்ளை கலந்து பூசிய வழவழப்புச் சுவரும் ஒலியைக் குடிக்காது; திருப்பி அடிக்கும். தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் பஞ்சு மெத்தையைச் சாத்துங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி வையுங்கள்.

இதற்குச் செலவில்லை. பாதிப் பெட்டிகள் இதிலேயே நன்றாகப் பாட ஆரம்பித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நெட்டைதான் வேண்டும் என்றால், பழகிய பாட்டு நாலைந்தை எடுத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மகனைக் கேட்டால் போதாது. பக்கத்து அறை ஐயாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!