வலது ஓரத்தின் காவலர் குணாளன்

மலேசியக் காற்பந்து வீரர் எஸ். குணாளன் 1986-இல் நெகிரி செம்பிலானின் பஹாவ் நகரில் பிறந்தவர். ஓட்ட வேகத்துக்குப் பெயர்போன அவர், தொடக்கத்தில் வலது ஓரத் தாக்குதல் ஆட்டக்காரராகவே அறியப்பட்டார். நெகிரி செம்பிலான் 2009-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2010-இல் தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டத்தைப் பெற்ற தேசிய அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. இறுதியில் இந்தோனேசியாவை மலேசியா இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வீழ்த்தியது.

சிலாங்கூருக்கு ஆடிய பிறகு 2014-இல் ஜொகூர் டாருல் தாக்சிம் மன்றத்தில் சேர்ந்தார். அவரது ஆட்டவாழ்க்கையின் சுவையான பகுதி இங்கேதான் வருகிறது. வலது தற்காப்பில் நிறுத்தப்பட்ட அவருக்கு வேலை இரட்டிப்பானது. தாக்கும்போது கோட்டையொட்டி முன்னேறிப் பந்தை நடுவே அனுப்ப வேண்டும். பந்து பறிபோன கணமே திரும்பி ஓடி, எதிரணியின் ஓர ஆட்டக்காரரை மறிக்க வேண்டும். வேகமில்லாதவரால் இதைத் தொண்ணூறு நிமிடம் தாங்க முடியாது. கோல் அடிப்பவருக்கே கைதட்டல் கிடைக்கும் விளையாட்டில், இந்த உழைப்பு போதிய கவனம் பெறுவதில்லை.

2014 முதல் லீக் பட்டம் ஆண்டுதோறும் ஜொகூருக்கே வந்தது. 2015-இல் தஜிகிஸ்தானின் துஷன்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று, ஜொகூர் ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசிய மன்றமானது. அந்தப் பொற்காலத்தில் ஜொகூரின் சொந்தக் களமான லார்கின் அரங்கத்தில் தொடர்ந்து களமிறங்கிய தமிழர் குணாளன்.