பால் உறைவது ஏன்?

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தலைமுறையினருக்குப் பால் உறையும் காட்சி புதிதன்று. வாளிகளில் வந்த பாலை ஸ்டோரிலே தொட்டியில் ஊற்றி, நீர் கலந்து, பார்மிக் அமிலம் சிறிது சேர்ப்பர். சில மணி நேரத்தில் அது வெண்கட்டியாய் இறுகிவிடும்.

நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில் மாணவன் ஒருவன் இதற்குக் காரணம் கேட்டான். "அமிலம் ஊற்றினால் உறையும்" என்றேன். "அது எங்கப்பாவுக்கே தெரியும் ஐயா. ஏன் உறையுது?" என்றான். அன்று விடையின்றி நின்றேன். அக்கடனை இக்கட்டுரையால் தீர்க்க முயல்கின்றேன்.

முதலில் உப்பு நீரை நோக்குவோம். உப்பு நீரில் கரையும்பொழுது, நேர்மின்னூட்டமுடைய சோடியத் துகள்களாகவும் எதிர்மின்னூட்டமுடைய குளோரின் துகள்களாகவும் பிரிகின்றது. இவையே அயனிகள் எனப்படும். அயனிக் கொள்கைக்கு வித்திட்ட ஆய்வேட்டைச் சுவீடன் நாட்டு அரேனியஸ் 1884இல் அளித்தபொழுது, பல்கலைக்கழகத்தார் அதற்குத் தாழ்ந்த தரமே வழங்கினர். அக்கொள்கைக்காகவே 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி ரப்பர்ப் பாலுக்கு வருவோம். நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு ரப்பர் உண்டு. அது உப்பைப்போல் கரைந்திராமல், கண்ணுக்குப் புலனாகா நுண்துளிகளாய் மிதக்கின்றது. ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய படலம் போர்த்தியிருக்கும். அப்படலம் எதிர்மின்னூட்டம் உடையது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால், துளிகள் நெருங்கினாலும் ஒட்டாமல் விலகுகின்றன.

அமிலம் சேர்ந்ததும் நிலை மாறுகின்றது. அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்னூட்டம் உடையவை. அவை படலத்தைப் பற்றி அதன் எதிர்மின்னூட்டத்தைத் தணிக்கின்றன. பாலின் பி.எச். அளவு 5க்குச் சற்றுக் கீழே இறங்கும்பொழுது இரு மின்னூட்டங்களும் ஏறக்குறைய ஈடாகிவிடும். விலக்கும் விசை ஒழிந்தபின் துளிகள் மோதி, ஒட்டி, கட்டியாகின்றன.

அடுக்களையில் தயிர் தோய்வதும் இம்முறையிலேதான். மாட்டுப் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத் துகள்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. பி.எச். 4.6ஐ நெருங்கும்பொழுது கேசீனின் மின்னூட்டம் ஈடாகிறது.

மங்கைத் துடைத்து வைக்கும்படி கங்காணிமார் கண்டித்ததன் காரணமும் இப்பொழுது விளங்கும். அழுக்கு மங்கில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும். பால் ஸ்டோருக்கு வருமுன்னே கட்டிப்பாலாகிவிடும். அதற்கு விலை குறைவு, நட்டம் வெட்டியவருக்கே. பாலை நீர்மமாகவே வைக்க அம்மோனியா சேர்ப்பதுண்டு. அது நுண்ணுயிர்களை அடக்குவதோடு அமிலத்தையும் ஈடுசெய்கின்றது.

அயனியின் மின்னூட்டம் மிகுந்தால் அதன் உறைவிக்கும் ஆற்றலும் பன்மடங்கு பெருகும். ஜெர்மானியரான ஷுல்ட்சே 1882இலும், ஆங்கிலேயரான ஹார்டி 1900இலும் இதனை ஆராய்ந்து காட்டினர். கால்சிய அயனிக்கு மின்னூட்டம் இரண்டு. ஆதலின் ரப்பர்க் கையுறை செய்வோர் கை வடிவ அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தோய்த்து உலர்த்திப் பின்னரே பாலில் அமிழ்த்துகின்றனர். பால் அச்சின்மேல் உடனே உறைந்து படிகின்றது.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் மாணவருட் பலர் ரப்பர்ப் பாலைக் கண்டதே இல்லை. ஆயினும் ஆசிரியர்களே, ஒரு குவளை பசும்பாலும் சிறிது எலுமிச்சைச் சாறும் வகுப்பறையில் போதும். பால் திரிந்ததும் "ஏன்?" என்று நாமே முதலில் கேட்போம். அவர்தம் பாட்டனும் பாட்டியும் நாள்தோறும் செய்த வேலையின் காரணத்தை, அவர்கள் பேசிய தமிழிலேயே பிள்ளைகள் அறியட்டும்.